இசைத்தட்டு வரிசை: பாடியோர் இருவர், பாடல் ஒருவருடையது

சாகித்தியத்தையும் மெட்டையும் தாமே அமைத்துப் பாடவும் வல்லவரை வாக்கேயகாரர் எனப் போற்றுவது நம் மரபு. மேல்நாட்டு மெல்லிசையிலும் அத்தகையோர் உளர். அவர்களுள் ஒருவராகிய அமெரிக்கப் பாடகி திரேசி சப்மன், தம் பெயரையே தலைப்பாக இட்டு 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தொகுதி, 2025 ஏப்பிரலில் மீண்டும் இசைத்தட்டாக வெளிவந்தது. தட்டுப் புதியது, பாடல்கள் பழையன. ஆயினும், இடைப்பட்ட காலத்தில் அவற்றுள் ஒரு பாடலுக்கு நேர்ந்த கதை, இசையன்பர் அனைவரும் அறியத்தக்கது.

கிளீவ்லாந்து நகரில் 1964இற் பிறந்த கறுப்பினப் பெண்மணி சப்மன். பல்கலைக்கழக மாணவியாக இருந்த நாட்களில் பொஸ்டன் நகரை அடுத்த வீதிகளில் நின்று கிற்றார் மீட்டிப் பாடியவர். 1988 யூன் 11ஆம் நாள், நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு இலண்டன் வெம்பிளி அரங்கிற் பெருவிழா ஒன்று நடந்தது. ஸ்டீவி வொண்டர் என்னும் பெரும் பாடகர், தம் இசைக்கருவிக்கு இன்றியமையாத பதிவொன்று காணாமற் போகவே, தமக்குரிய வேளையிற் பாடாது அகன்றார். அன்று முன்னரே பாடி முடித்திருந்த சப்மன் மறுபடி மேடைக்கு அனுப்பப்பட்டார். பக்கவாத்தியம் ஏதுமின்றி, ஒற்றைக் கிற்றாருடன் அவர் பாடிய 'பாஸ்ட் கார்' என்னும் பாடல் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் ஒலித்தது. சில வாரங்களில் அவரது தொகுதி அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் எய்தியது.

அப்பாடல் ஓர் ஏழைப் பெண்ணின் கூற்று. குடிகாரத் தந்தையைப் பராமரிப்பதற்காகப் பள்ளிப் படிப்பைக் கைவிட்டவள், காதலனின் காரில் ஏறி ஊரை விட்டு அகன்றால் வாழ்வு மலருமென நம்புகிறாள். பின்னர் அவனும் குடிக்கிறான். குடும்பத்தை அவளே உழைத்துக் காக்கிறாள். எங்கு தப்பியோடினாளோ அங்கேயே வந்து நிற்கிறாள். உருக்கத்தை வலிந்து புகுத்தாத சொற்கள் இவை. ஆதலாற்றான் கேட்போர் நெஞ்சம் உருகுகிறது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. வட கரோலைனாவைச் சேர்ந்த லூக் கோம்ஸ் என்னும் வெள்ளையினப் பாடகர், சிறு வயதில் தந்தையாரின் வண்டியிற் கேட்டு மகிழ்ந்த இப்பாடலை, 2023இல் தமது தொகுதியிற் சேர்த்துப் பாடினார். பெண்ணின் கூற்றுக்குரிய சொல்லைக்கூட அவர் மாற்றினாரல்லர். 'கண்ட்ரி' எனப்படும் நாட்டுப்புற இசையை ஒலிபரப்பும் வானொலிகளில் அது முதலிடம் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் கண்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடலுக்கான விருது, இயற்றியவர் என்ற முறையிற் சப்மனைச் சேர்ந்தது. 1967 முதல் வழங்கப்பட்டுவரும் அவ்விருதுகளுள், சிறந்த பாடலுக்குரியதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

இதனைக் கண்டு மகிழும் அதே வேளையில் நம் மனத்தில் ஒரு முள்ளும் உறுத்துகிறது. அதே சொற்களை, அதே மெட்டை, அப்பெண்மணி தம் குரலிற் பாடியபோது திறவாத அவ்வானொலிகளின் கதவு, வேறொருவர் குரலுக்கு உடனே திறந்தது ஏன்? குறை பாடலில் இல்லை. பாடிய கோம்ஸ் மீதும் இல்லை. அவர் நன்றியுணர்வோடு இயற்றியவரை எங்கும் முன்னிறுத்தினார். கதவைக் காத்து நின்ற வழக்கமே குறையுடையது.

2024 பெப்ரவரி 4ஆம் நாள் கிராமி விருது விழாவில் இருவரும் ஒரே மேடையில் நின்று அப்பாடலைப் பகிர்ந்து பாடினர். சப்மன் முதலடி எடுத்ததும் அவையோர் ஆரவாரித்தனர். அருகில் நின்ற கோம்ஸ், பாட்டின் சொற்களை வாய்க்குள் முணுமுணுத்தவாறு, ஒரு மாணாக்கனைப் போல அவரை நோக்கி நின்ற காட்சி நம் கண்ணை விட்டு அகலவில்லை.

மாணவ அன்பர்களுக்கு ஒரு சொல். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னர் எந்தப் பாடலைக் கேட்டாலும், பாடியவர் பெயரோடு நின்றுவிடாது, இயற்றியவர் பெயரையும் உறையிலே தேடிப் பாருங்கள்.