தைராய்டு மாத்திரை: ஆறு வாரம் பொறுங்க

எனக்குத் தைராய்டு குறைபாடு. டோஸை 50 மைக்ரோகிராம்லேருந்து 75 ஆக்கி மூணு வாரம் ஆகுது. அசதி அப்படியேதான் இருக்கு, முடியும் கொட்டுது. ஊர்லேருந்து போன் பண்ற அக்கா "100 போட்டுக்கோ"ங்கறாங்க. இங்கே நாக்பூர்ல பக்கத்து வீட்டம்மா "மாத்திரையே வேண்டாம், நிறுத்திடுங்க"ங்கறாங்க. ரெண்டுமே வேண்டாங்கறது என் கட்சி.

சாதாரணக் கணக்குதான். லெவோதைராக்சின் உடம்புல பாதியாக் குறைய சுமார் 7 நாள் ஆகும். அதனால புது டோஸ் ஒரு நிலைக்கு வரவே அஞ்சாறு வாரம் பிடிக்கும். டிஎஸ்ஹெச் டெஸ்ட்டை 6 முதல் 8 வாரம் கழிச்சு எடுக்கச் சொல்றது இதுக்குத்தான். செக் கலெக்‌ஷனுக்குப் போயிருக்கும்போதே பேலன்ஸ் பார்த்து என்ன பிரயோஜனம்? (கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேற. அவங்க டாக்டர் சொல்ற தேதியில டெஸ்ட் எடுக்கணும்.)

பொறுக்கறதுன்னா சும்மா இருக்கறது இல்லை. வெறும் வயித்துல தண்ணியோட மாத்திரை. ஃபில்டர் காபி அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. ட்ரான்ஸ்ஃபர்ல ஊர் மாறினாலும் முடிஞ்சவரை அதே பிராண்ட். தூக்கம், எடை, அசதி பத்தி டைரியில தினமும் ரெண்டு வரி.

ஆனா படபடப்பு, கை நடுக்கம் வந்தா ஆறு வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரைக் கேளுங்க. நெஞ்சு வலின்னா நேரா ஆஸ்பத்திரி.

வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. இதை சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க. வெளியூர்ல நமக்குக் கை கொடுக்க அம்மாவோ அத்தையோ பக்கத்துல இல்லை. டோஸை டாக்டர் பார்த்துக்கட்டும். காலைச் சமையலை நீங்க பாருங்க.