ரங்கூன் தாத்தாக்கள் எல்லோரும் ஆறடியா?

அந்தக் காலத்து ஆட்கள் ஆஜானுபாகுவாம். மெஷின் அரிசியும் பிராய்லர் கோழியும் தின்று நாம்தான் குறுகிப்போனோமாம். யாங்கோன் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு ஓயாது. பிள்ளை குள்ளமாக இருந்தால் மட்டும் “நம்ம வம்சமே அப்படித்தான்” என்று முடித்துவிடுவார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது, பிள்ளைக்குக் கேடும் செய்வது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகளின் பழைய படங்களைச் சாட்சிக்குக் காட்டுகிறார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் 4 லட்சத்தில் இந்தியர் 2,12,000-க்கும் மேல், அதாவது பாதிக்கும் அதிகம். மூட்டை தூக்க ஆள் பிடித்த மேஸ்திரிகள் நோஞ்சானை எதற்குக் கப்பலேற்றப்போகிறார்கள்? படத்தில் நிற்பவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஊரிலேயே தங்கிவிட்டவர்களும், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மடிந்த குழந்தைகளும் அந்தப் படத்தில் இல்லை.

மெஷின் அரிசி நேற்று வந்ததல்ல. பசுண்டவுங் ஓடைக்கரையில் நீராவி அரிசி ஆலைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே புகை கக்கின. தீட்டிய வெள்ளையரிசியால் கேடு வந்தது உண்மைதான். மலாயாவில் அதைத் தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மாண்டார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஆனால் அதெல்லாம் தாத்தா காலத்துக் கதைதான்.

இனி ரத்தம். நன்றாக உண்டு வளர்ந்த ஒரு கூட்டத்துக்குள் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்பதற்குப் பெரும்பாலும் மரபணுவே காரணம்; அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு சமூகமே உயர்வதற்கும் குறுகுவதற்கும் அந்தக் காரணம் செல்லாது. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம், ஏறத்தாழ ஒரு சாண். நூறு ஆண்டுக்குள் ஒரு நாட்டின் ரத்தம் மாறிவிடுமா? இன்று உலகிலேயே நெடியவர்களான டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாதாரண உயரம்தான்.

நம் வீட்டுக்கு நெருக்கமான சான்றும் உண்டு. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் தலைப்பிள்ளைகள் ஆப்பிரிக்கத் தலைப்பிள்ளைகளைவிடக் குள்ளம் இல்லை. இரண்டாவது பிள்ளையில் தொடங்கும் பின்னடைவு, அடுத்தடுத்த பிள்ளைகளில் கூடுகிறது. மூத்த மகன்மேல் வைக்கும் ஆசையை அவர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வம்சம். பிறகு எப்படி வந்தது இந்த வித்தியாசம்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேட்டையாடித் திரிந்த ஆதி மனிதர்கள் பல இடங்களில் நல்ல உயரம். உழவு வந்தபின் எலும்புகள் குறுகின. ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை. அதிலும் உணவும் நோயும்தான் பேசுகின்றன.

மருத்துவமனையில் உயரம் அளக்கும் பலகையைப் பாருங்கள். இரண்டு வயது ஆகாத குழந்தையைப் படுக்கவைத்து, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலை இன்னொருவர் மெல்ல அழுத்தி நீட்டி அளப்பார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இரண்டு வயது ஆண் குழந்தை நின்றால் நடுத்தர உயரம் 87 செ.மீ.; 81-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது. 2015–16 மியன்மார் ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 29% இப்படிக் குன்றியவர்கள். மிக ஏழை வீடுகளில் 38%, வசதியான வீடுகளில் 16%. வம்சம்தான் காரணமென்றால் பணத்துக்கு இங்கே என்ன வேலை?

கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது வரையில்தான் இந்தக் குறை பெரும்பாலும் விழுகிறது: தாயின் ரத்தசோகை, ஓயாத வயிற்றுப்போக்கு, முட்டையும் பருப்பும் எட்டாத தட்டு. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் கியாட் சரிந்து அரிசியும் எண்ணெயும் விலை ஏறிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்குப் போகத் தொடங்குகிறார்கள். அவர்களில் குள்ளமாகத் தெரியும் பிள்ளையை வம்சத்தைச் சொல்லி அனுப்பிவிடாமல், தாயையும் பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவளுக்கு அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால் முட்டை முதலில் அவள் தட்டுக்குப் போகட்டும்.