கணினி இல்லாத பள்ளிக்கும் இந்தச் சிந்தனை வேண்டும்

வேதியியல் கற்பிக்கப் போகும் பி.எட். மாணவர்களுக்குக் கணக்கீட்டுச் சிந்தனையில் (ஒரு சிக்கலைச் சிறு கேள்விகளாகப் பிரித்துப் படிவரிசையாகத் தீர்ப்பதில்) பயிற்சி தேவையில்லை என்பவர்கள் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். கிராமப் பள்ளிகளில் கணினி இல்லை. வேதியியல் கையாலும் கண்ணாலும் கற்பது. ஈராண்டுப் படிப்பில் இதற்கு நேரமில்லை. மூன்றும் தவறு.

2006இல் கணினி அறிவியலாளர் ஜெனெட் விங் இந்தச் சிந்தனையைப் பரவலாக அறியச் செய்தபோதே, இது நிரல் எழுதும் வித்தை அல்ல, எல்லோருக்குமான அடிப்படைத் திறன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைப் படிக்காமலேயே கணினி இல்லை என்று கைவிரிப்பது சோம்பேறித்தனம்.

கையும் கண்ணும் போதுமாம். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வையே எடுத்துக்கொள்வோம். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் காப்பர் வீழ்படியும், ஜிங்க் கரைசலிலேயே நிற்கும். அமிலத்தை விட்டுக் காரக் கரைசலில் முதலிலேயே செலுத்தினால் இரண்டும் சேர்ந்து வீழ்படியும், அந்தப் படியில் பிரித்தறிய முடியாது. வீழ்படிவைப் பார்ப்பது கண். அதற்குப் பொருள் தருவது சோதனைகளின் வரிசை. அந்த வரிசை ஏன் என்று தெரியாத ஆசிரியரிடம் படிப்பவர்கள் சோதனை, உற்றுநோக்கல், அறிவன என்ற மூன்று பத்திகளையும் உருப்போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஓர் உப்பைக்கூட உண்மையில் கண்டுபிடிப்பதில்லை.

இந்த உருப்போடலின் விலை எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம். கலவை என்ற ஊரிலிருந்து ஆற்காடு போய்ப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டை. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை அங்கே விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல்.

இங்கே ஒரு மாணவி, "சார், எங்க கிணத்துத் தண்ணியக் குடிக்கலாமா?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? கேள்வியைப் பிரிக்க வேண்டும். குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டுகிறதா? தாண்டினால், தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியமா, குரோமேட் கழிவிலிருந்து கசியும், புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியமா? கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையில் இருக்கிறதா கிணறு? மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா, பின்பா? ஒரு சோதனையின் பிழையை எதைக் கொண்டு சரிபார்ப்பது? கணக்கீட்டுச் சிந்தனை இதுதான். கணினி ஒன்றுகூட இதற்குத் தேவைப்படவில்லை.

நேரமில்லை என்பது மூன்று வாதங்களில் மிக மோசமானது. புதுத் தாள் எதுவும் வேண்டாம். பயிற்சி மாணவர் எழுதும் ஒவ்வொரு பாடக்குறிப்பிலும், இந்தப் படி ஏன் முதலில், இதை விட்டால் என்ன ஆகும் என்ற இரு கேள்விகளுக்கு விடை கேட்டால் போதும். அதற்கும் நேரமில்லை என்றால், அந்த ஈராண்டில் வேதியியல் கற்பிக்க யாரையும் தயார் செய்யவில்லை என்றுதான் பொருள்.