பக்கத்து இலையில் யார்?

2021 அக்டோபர் கடைசியில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் நடந்ததை நம் மாவட்டத்தில் மறந்தவர்கள் குறைவு. கைக்குழந்தையோடு அன்னதானத்துக்குப் போன பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர், தன்னைப் பந்தியில் உட்காரவிடாமல் எழுப்பிவிட்டார்கள் என்றும், எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால் வெளியே தருவதாகச் சொன்னார்கள் என்றும் கேமரா முன்னால் பேசினார். அந்தக் காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது. அக்டோபர் 29ஆம் தேதி அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று, முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் ரேஷன் அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இதைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. ஓர் அமைச்சர் பக்கத்து இலையில் உட்கார்ந்ததால், அதே கோயிலில் இனி யாரையும் எழுப்பிவிட நினைப்பவர் ஒருமுறையாவது தயங்குவார். பட்டா என்றால் என்ன என்று செங்கல்பட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் துப்பாக்கிக் குண்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அறிவித்த கடன் கைக்கு வரவில்லை என்று பிறகு அதே குடியிருப்பிலிருந்து குறை எழுந்தது வேறு கதை.

நம் கேள்வி வேறு. அமைச்சர் எழுந்து கை கழுவிப் போன மறுநாள், அந்தப் பெண்ணின் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தார்கள்?

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அடுத்தவருக்குக் கேட்பதுபோல் கேட்டுத் தன் இலைக்கு வாங்கிக்கொள்வது. ஒதுக்கப்பட்டவர்கள்மேல் காட்டப்படும் அனுதாபத்தில் பாதி இந்த வகைதான். படம் எடுத்துப் போடுகிறவருக்கு விருப்பக்குறி கிடைக்கிறது, கட்சிக்குப் பெயர் கிடைக்கிறது. யாருக்காக அவ்வளவும் நடந்ததோ அவர் மறுபடியும் தனியாக நிற்கிறார்.

தீண்டாமையை நாம் பெரும்பாலும் அடி, வெட்டு, தீவைப்பு என்ற கணக்கில்தான் பேசுகிறோம். வழக்கு எண் இருந்தால் அது செய்தி. பக்கத்தில் வந்து யாரும் உட்காராமல் போவதற்கு எப்.ஐ.ஆர். கிடையாது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலையில் கடற்கரை வண்டி பிடிக்கிறவர்கள் கவனித்துப் பார்க்கலாம். பாசிமணி, ஊசி, சீப்போடு ஒரு நரிக்குறவர் குடும்பம் ஏறினால், நெரிசல் வண்டியிலும் அவர்களைச் சுற்றி ஒரு முழம் இடம் தானாக உண்டாகிவிடும். யாரும் திட்டுவதில்லை, கை ஓங்குவதில்லை. மூக்கைச் சுளித்துச் செல்போனைப் பார்த்துக்கொள்வார்கள். குடும்பமும் பழகிப்போய் சீட்டில் உட்காராமல் கதவோரம் தரையில் உட்கார்ந்துகொள்ளும். டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான்.

இந்தத் தனிமை நமக்குப் புதிதல்ல. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அவர் 1939இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சின்னப் புத்தகம். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிராமணர்கள். சிநேகம் பிடித்தால் சாதி என்ன, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்களே என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் பிடித்துக்கொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். விளையாட ஆசையிருந்தும் விளையாடப் போகாத பிள்ளை. அவரை யாரும் அடித்ததாக அந்த இடத்தில் இல்லை. அடி விழுமுன்பே ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு சிறுவனைப் பழக்கியிருந்தார்கள்.

ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள். நம் பிள்ளைகள் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். முதல் வாரத்திலேயே ‘கட்-ஆப் எவ்வளவு’ என்ற கேள்வி வருகிறது. அது மதிப்பெண் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். சீனிவாசன் பயந்த அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போகும் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்த அம்பேத்கருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த கூடம், மங்கலான ஒரு விளக்கு, வௌவால்கள், பேச்சுத்துணைக்கு ஒரு மனிதரும் இல்லை. பதினோராவது நாள் ஒரு கூட்டம் தடியோடு வந்து வெளியேற்றியது. அவருக்குத் தெரிந்தவர்கள் இருவர் இருந்தார்கள், ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவருமே நல்லவர்கள்தான், ஆனால் இருவர் வீட்டிலும் அவருக்கு இடமில்லை. இரவு ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார். தடியோடு வந்தவர்களை விட அந்த நண்பர்கள் இருவரைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும்.

இதையெல்லாம் அனுபவித்த வம்சம் நாம். அதனால்தான் இந்தப் பத்தியில் கேட்கிறோம்: ஊருக்கு வெளியே சேரி, சேரிக்கு வெளியே யார்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் பல ஊர்களில் பதில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. காலனி தாண்டி, ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ நாலைந்து இருளர் குடிசைகள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படும் நஞ்சு, பாம்புக்கடி மருந்துக்காக நாடு முழுக்கப் போகிறது. சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் வந்தவர்கள் அவர்கள். அதே சமூகத்தைச் சேர்ந்தவர்களைத்தான் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்ட மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு அடைந்து கிடப்பவர்களுக்குக் கூலியை விடப் பெரிய பறிப்பு ஒன்று உண்டு. அவர்கள் சொந்தக்காரர் சாவுக்குப் போக முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது. முன்பணம் கொடுத்தவரின் அனுமதி வேண்டும். முதலில் உறவைத்தான் அறுக்கிறார்கள்.

அவர்களை உறவு சூழப் பார்க்க வேண்டுமானால் மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து, சேலைகளைக் கட்டி மறைப்பு உண்டாக்கி, மணலில் தங்குவார்கள். விடியற்காலையில் கன்னியம்மனுக்குப் படையல், மணலிலேயே கல்யாணம், காதுகுத்து, பெண் பார்ப்பது, பழைய சண்டையைத் தீர்த்துக்கொள்வது என எல்லாம் அங்கேதான். அந்த ஓரிரு நாள் அங்கே ஓர் ஊரே இருக்கும். சுற்றிலும் கேமராவோடு நிற்கும் வெளியூர்க்காரர்கள்தான் அங்கே அந்நியர்கள். மறுநாள் அந்த ஊர் கலைந்து, ஏரிக்கரைக்கு ஐந்து குடிசை, சூளைக்கு மூன்று குடும்பம் என்று பிரிந்து போகிறது.

படிக்கட்டு போன்ற ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னது நமக்கு மேலே இருப்பவர்களை மட்டும் பற்றி அல்ல. நம் காலனித் திருவிழாவில் ஏரிக்கரைக் குடும்பங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன? நம் வீட்டுச் சாவுக்கு அவர்கள் வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? கோவிலில் நரிக்குறவரை எழுப்பியபோது கொதித்தவர்கள், தங்கள் வீட்டுப் பந்தியில் யாருக்கு இலை போடுகிறார்கள்? பல ஊரில் நல்ல பதில் இருக்கலாம். இல்லாத ஊரும் நிறைய உண்டு. “அவங்க குளிக்க மாட்டாங்க” என்று நம் தெருவிலிருந்தே ஒரு குரல் வருகிறது. நம்மைப் பற்றி ஊர்த்தெரு நூறு வருஷமாகச் சொன்ன வாக்கியம் அது. தண்ணீர்க் குழாயைக் கொடுக்காமல் வைத்துவிட்டுச் சொன்னது.

பிள்ளைகள் விஷயம்தான் அவசரமானது. நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. தமிழுக்கு உறவில்லாத, எழுத்தில்லாத மொழி அது. அங்கன்வாடிக்கு வரும் குழந்தைக்கு டீச்சர் சொல்வது பாதி புரியாது, சிரிக்கும் பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரியும். அது நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போனால் ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று எழுதுகிறோம். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு சிறிய பரிந்துரை, வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. பெரிய பரிந்துரைகளைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது, இதைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் கணக்கில் இதுதான் முக்கியமானது. இதற்கு நிதி வேண்டாம், அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு தலைமை ஆசிரியர் நாளைக் காலையே செய்துவிடலாம்.

சட்டமும் இப்போது கையில் இருக்கிறது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965இல் சொன்னது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பூஞ்சேரிப் பெண்ணைப் பந்தியிலிருந்து எழுப்பியபோது அவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. 2023 மார்ச் 30ஆம் தேதி சென்னை ரோகிணி தியேட்டரில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் தடுத்தபோது அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்ததால் தடுத்தோம் என்று தியேட்டர் தரப்பு சொன்னது. வாசலில் நடந்ததை வீடியோவில் பார்த்தவர்கள் அதை நம்பத் தயாராக இல்லை.

ஆனால் சட்டம் பேச ஒரு காகிதம் வேண்டும். பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வேண்டும். தாம்பரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ அலைய வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். அப்பாவுக்குச் சான்று உண்டா என்று கேட்பார்கள், அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டார். எழுத்துக் கற்ற ஒருவர் கூடப் போனால் மூன்று நடை ஒரு நடையாகும்.

கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்களிடம் இதைத்தான் கேட்கிறோம். ஏரிக்கரைக்குப் போய், ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை யார் யாருக்குச் சான்று இல்லை என்று ஒரு நோட்டில் பெயர் எழுதுங்கள். இ-சேவை மையத்துக்கு அவர்களோடு போங்கள். அங்கே போனதும் டீ கொடுப்பார்கள். உட்கார்ந்து குடியுங்கள்.