படத்துக்கு முன் துணி

எங்கள் பாடசாலைகளில் ரீசேர்ட் அடிப்பது ஒரு பருவகாலத் தொழில் போலாகிவிட்டது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, உயர்தர வகுப்பின் பிரியாவிடைக்கு ஒன்று, கழகங்களுக்கு ஒவ்வொன்று. இம்முறை தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் எழுந்திருக்கும் பேச்சு, பழைய வீடியோ கேம் பாணியில் கட்டம் கட்டமான படம் போட்ட ரீசேர்ட். பாக்-மானா, மாரியோவா, டெட்ரிஸா என்று இரண்டு வாரமாக வாதம் நடக்கிறது. துணி என்ன துணி என்று கேட்டால், "அது கடைக்காரர் பார்த்துத் தருவார்" என்கிறார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

படம் நன்றாக இல்லாத ரீசேர்ட்டைப் பிள்ளைகள் சகித்துக்கொண்டு உடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தெரியும் துணியை, இடுப்புக்கு மேலே ஏறும் நீளத்தை யாரும் இரண்டாம் தடவை உடுப்பதில்லை. அது அலுமாரியின் அடித்தட்டுக்குப் போகும். பிறகு வீடு துடைக்கும் துணியாகும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஒரு மேலதிகச் செலவுக்கு உம்மாவிடம் காசு கேட்பது எவ்வளவு கஷ்டமென்று எல்லோருக்கும் தெரியும். கடலுக்குப் போய்வரும் வாப்பாவின் உழைப்பில் வாங்கியது ஒரு நாள் புகைப்படத்தோடு முடிந்துபோகக் கூடாது.

முதலில் தடிப்பு. பின்னல் துணியின் கனத்தை ஜீ.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அதன் பொருள். சாதாரண ரீசேர்ட் துணி 140 முதல் 200 வரை இருக்கும். துணி மொத்தக் கடைகளில் பின்னல் துணி பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் விற்பனையாகிறது. 180 கிராம் துணியில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீற்றர் கிடைக்கும். 150 கிராம் துணியென்றால் ஆறரைக்கும் மேல். மெல்லிய துணியில் அதே கிலோவுக்குக் கூடுதலான சேர்ட்டுகள் வெட்டலாம். கேட்காதவருக்கு மெல்லியது வந்துசேர்வதன் இரகசியம் இதுதான். வியாபாரியைக் குறை சொல்லவில்லை. கேட்காதது எங்கள் பிழை.

மெல்லிய துணி எங்களுக்கு ஏன் ஆகாது என்று விளக்கத் தேவையில்லை. வெள்ளையும் இளமஞ்சளும் 140இல் வந்தால் மைதானத்து வெயிலில் உள்ளாடையின் தையல்வரை தெரியும். வியர்த்தால் இன்னும் மோசம். அதற்காக 220, 240 என்று போய்விடவும் வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உட்துறைமுக வீதியால் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தடிப்பு ஒரு தண்டனை. மாரியிலோ மூன்று நாளானாலும் கொடியில் காயாது. என் அபிப்பிராயம் 180. நிறம் கடும் நீலம் அல்லது கரும்பச்சை. சாம்பல் நிறம் அழகுதான். ஆனால் வியர்வை பட்ட இடத்தை அதைப் போலக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை.

கடைக்காரர் 180 என்று சொன்னால் அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. எங்களிடம் விஞ்ஞான ஆய்வுகூடம் இருக்கிறது. மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் வெட்டித் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் அது 180, 1.4 காட்டினால் 140. நூறால் பெருக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். அதே துணியில் இன்னொரு துண்டில் 20 சென்ரிமீற்றர் கோடு இழுத்து, வீட்டில் துவைக்கிற மாதிரியே துவைத்துக் காயவைத்து மறுபடி அளவுங்கள். 19 ஆகியிருந்தால் நூற்றுக்கு ஐந்து சுருங்கியிருக்கிறது. 28 அங்குல நீளச் சேர்ட்டில் அது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். எங்களுக்கு அந்த ஒன்றரை அங்குலம்தான் முழு வித்தியாசமும்.

துணியில் இன்னொரு கோளாறும் உண்டு. சில ரீசேர்ட்டுகள் இரண்டு துவையலில் திருகிக்கொள்ளும். விலாவில் இருந்த தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். நூலின் முறுக்கு துணிக்குள் அடங்காமல் இருப்பதால் வருவது அது. எந்தத் தேய்ப்புப் பெட்டியாலும் அதைத் திருத்த முடியாது. மாதிரிச் சேர்ட் ஒன்றை வாங்கித் துவைத்துப் பார்க்காமல் நூறு சேர்ட்டுக்கு முற்பணம் கொடுப்பது புத்தியல்ல.

கொட்டனா பொலியெஸ்டரா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கிரிக்கெட் அணிகள் உடுக்கும் பளபளப்பான நீளக்கைச் சேர்ட்டுகள் பொலியெஸ்டர். அவற்றில் படம் பதிக்கும் முறை வேறு: சாயம் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் ஆவியாகி இழைக்குள் போய்விடும், உரியாது, வெடிக்காது. ஆனால் அது பொலியெஸ்டரில், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டுமே சரிவரும். ஓடுவதற்கும் எறிபந்துக்கும் அது நல்லது, சீக்கிரம் காயும். நாள் முழுக்க வகுப்பறையிலும் பஸ்ஸிலும் உடுத்திருக்க, வியர்வையை உறிஞ்சும் கொட்டன்தான் என் தெரிவு. "நூறு வீதம் கொட்டன்" என்ற லேபலைச் சோதிக்கவும் வழி உண்டு. இரசாயனவியல் டீச்சரின் முன்னிலையில் சில நூல்களை இடுக்கியால் பிடித்துச் சுவாலையில் காட்டினால், கொட்டன் கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும்.

இனி அளவு. என்னை இதை எழுதவைத்ததே இந்த விடயம்தான்.

கடைகளில் இரண்டு வெட்டு இருக்கிறது. ஒன்று "யுனிசெக்ஸ்". பெயர்தான் இருபாலாருக்கும், வெட்டு ஆண்பிள்ளையின் உடம்புக்கு. தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம். எங்களுக்கு உடுத்தால் தோள் தொங்கும், இடுப்பில் பிடிக்கும், கையை உயர்த்தினால் மேலேறும். மற்றது "லேடீஸ் ஃபிட்". கை கட்டை, நீளம் கட்டை, இடை இறுக்கம். யாருடைய கண்ணுக்காக அதை வெட்டினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தளர்வாக, தொடையின் நடுவரை நீண்டு, மணிக்கட்டுவரை கை வைத்த ஒன்று வேண்டுமென்றால் தட்டில் தயாராகக் கிடைப்பது அரிது. இத்தனைக்கும் 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாளிலிருந்து உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் நாடு இது. அந்த இயந்திரங்களின் முன்னால் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் அளவுப் பட்டியல் எங்கோ தீர்மானிக்கப்பட்டு வருகிறது.

அடுத்தது அந்தப் பெயர்ப்பட்டியல். ஒரு கொப்பித் தாள் வகுப்பு முழுக்கக் கைமாறும். பெயருக்கு நேரே எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று ஒவ்வொருவரும் எழுதவேண்டும். அதில் ஒரு பிள்ளை தனக்கு முன்னால் எழுதியவர்களைப் பார்க்கிறாள். எல்லாம் எம். அவளுக்கு வேண்டியது இரண்டு எக்ஸ். பின்னால் இருப்பவள் எட்டிப் பார்க்கிறாள். பேனை எம் என்று எழுதிவிடுகிறது. சேர்ட் வருகிறது, அவள் அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒருத்தியாவது இருக்கிறாள். பெரிய அளவுக்குக் கூடுதல் காசு என்றும் சில இடங்களில் சேர்த்துவிடுகிறார்கள். அது வெட்கத்துக்கு மேல் விதிக்கும் வரி.

இதற்கு மாற்று கஷ்டமானதல்ல. எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு அங்குலத்தில் கேளுங்கள். வீட்டில் தனக்குச் சரியாக இருக்கும் ஒரு சேர்ட்டை மேசையில் விரித்து, ஒரு கமக்கட்டிலிருந்து மறு கமக்கட்டுவரை அகலம், தோளின் உச்சியிலிருந்து கீழ் விளிம்புவரை நீளம், கழுத்துத் தையலிலிருந்து மணிக்கட்டுவரை கை: இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, மடித்து, ஒரு டீச்சரிடம் மட்டும் கொடுத்தால் போதும். அளக்கப்படுவது சேர்ட், பிள்ளையின் உடம்பல்ல. விலையைக் கூட்டிப் பிரித்து எல்லோருக்கும் ஒரே தொகையாக்குங்கள். ஆளுக்குச் சில ரூபாய் கூடினால் கூடட்டும்.

நீளக்கையும் நீள உடம்பும் தயாராகக் கிடைக்காவிட்டால் தைப்பிக்கலாம். ஜமாலியாவிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டிலிருந்தே அபாயா தைக்கும் தாத்தாமார் இருக்கிறார்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: வீட்டில் ஓவர்லொக் இயந்திரம் இருக்கிறதா? பின்னல் துணி இழுபடும். சாதாரண நேர்த்தையல் இழுபடாது, தலையால் போடும்போதே நூல் அறும். கைமுனையை இறுக்கிப் பின்னிய பட்டியாக வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். வுழூச் செய்யும்போது முழங்கைக்கு மேல் ஏறாத கை, ளுஹர் நேரத்தில் தண்ணீர்ப் பைப்புக்கு முன்னால் பெரும் தொல்லை. அதேபோல் கொலர் வைத்த ரீசேர்ட்டும் எங்களுக்கு வீண் செலவு. பர்தாவுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கழுத்தை அவிக்கத்தான் உதவும். வட்டக் கழுத்துப் போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகு படத்துக்கு வரலாம். பர்தாவைப் பற்றிச் சொன்னேனே, அது நெஞ்சையும் மூடுகிறது. அப்படியிருக்க, எல்லோரும் நெஞ்சுக்கு நடுவில் ஓரடி அகலத்தில் படம் அடிக்கிறார்கள். காசு கொடுத்து அடித்து, அதன்மேல் துணி போட்டு மூடும் வேலை இது. ஸ்கிரீன் பிரின்டிங்கில் வழமையாகப் பாவிக்கும் மை பிளாஸ்ரிக் வகை. பெரிய படமென்றால் அந்த இடத்தில் காற்றுப் புகாது, உள்ளே வியர்வை ஓடும். கருந்துணிக்கு அடியில் வெள்ளை மை ஒரு தளம் வேறு போடவேண்டும், இன்னும் தடிக்கும். கீழ் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, இடப்பக்கம், உள்ளங்கை அளவில் ஒரு படம் போதும். மை சுமார் 160 பாகை வெப்பத்தில் சரியாக இறுகாவிட்டால் சில துவையலிலேயே வெடிக்கும். ஆகவே மாதிரிச் சேர்ட்டைப் படத்தோடு சேர்த்தே துவைத்துப் பாருங்கள்.

சின்னப் படம் பழைய கேம்களுக்கு அநியாயம் ஆகாது. அவையே சின்னவைதான். 1981இல் மாரியோவை முதலில் வரைந்த மியாமொட்டோவுக்குக் கிடைத்தது 16க்கு 16 கட்டம் அளவு இடம். வாய் வரைய முடியாததால் மீசையும், தலைமயிர் வரையக் கஷ்டமென்பதால் தொப்பியும் வைத்தார். 1983இல் வந்த நிண்டெண்டோவின் ஃபமிகொம் இயந்திரத்தில் ஓர் உருவத்துக்கு மூன்று நிறம்தான். ஸ்கிரீன் பிரின்டிங்கில் நிறத்துக்கு ஒரு சட்டம் என்று காசு கட்டும் எங்களுக்கு இதைவிட வசதியான கலை எது? 1980இல் பாக்-மானை உருவாக்கிய இவாட்டானி, பெண்களும் விளையாட வரவேண்டும் என்று நினைத்தே அதை அமைத்தார் என்பதையும், வீடியோ கேம் பையன்களுக்குரியது என்று சொல்லும் நானாமாருக்கு இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அந்த உருவங்கள் எதையும் அடிக்க நான் வாக்களிக்கமாட்டேன். அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ரீசேர்ட்டுக்கும் பொருந்தும். உருவப் படம் போட்ட உடையோடு தொழத் தயங்குவோரும் எங்களில் பலர். கணிதக் கொப்பியில் 16க்கு 16 கட்டம் போட்டு எங்கள் வள்ளம் ஒன்றை வரையலாம். துறைமுகத்துப் பாரந்தூக்கியை வரையலாம். அலை ஒன்றை, ஒரு நங்கூரத்தை வரையலாம். மூன்றே நிறம். தரம் 8 பிள்ளையும் வரைந்து தருவாள்.

கழகத்தின் அடுத்த கூட்டம் புதன்கிழமை. படங்களைக் கொண்டுவருபவர்கள் கொண்டுவாருங்கள். நான் கடும் நீலத்தில் இரண்டு மாதிரித் துண்டும் ஓர் அளவு நாடாவும் கொண்டுவருகிறேன். இரசாயனவியல் டீச்சரிடம் தராசுக்குக் கேட்டாயிற்று.