காயலான் கடை இரும்பில் ஒரு கட்டாரி

பழைய இரும்பைத் தட்டி அந்தக்கால மாடலில் குத்துவாள் செய்வது இப்போது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. யூட்யூபில் தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. அதைப் பார்த்து ஆசைப்படுகிற திருச்சிக்காரர், சிலுவை மாதிரி பிடி போட்ட ஐரோப்பியக் குத்துவாளை வரைந்துகொண்டு கொல்லர் பட்டறைக்குப் போனால் அதைவிட வேடிக்கை கிடையாது. ஏனென்றால், குத்துவாளும் பழைய இரும்பும் சேர்ந்த ஒரு பெரிய கதை திருச்சியிலேயே இருக்கிறது.

1855-ல் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். ராஜ்ஜியத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் இருந்த வாள், ஈட்டி, கட்டாரி எல்லாம் 1860-களில் திருச்சிக்கு வந்து சேர்ந்தன. பத்திரமாக வைக்க அல்ல! நல்லதாகச் சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878-ல் 'இந்தியன் ஆன்டிக்வரி' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மாதிரி தென்னிந்தியக் கட்டாரிகளை இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

கட்டாரி என்றால் இரண்டு பக்கக் கம்பிக்கு நடுவே குறுக்குப் பிடி. முஷ்டியால் குத்துகிற மாதிரி பிடிக்க வேண்டும். பழைய தென்னிந்திய மாடலில் கையை மறைக்க ஒரு சிப்பி போன்ற தகடும் உண்டு. இதில் சுவாரஸ்யமான விஷயம், இவற்றில் பலவற்றின் அலகு நம்மூர் அலகே இல்லை. கப்பலில் வந்த ஐரோப்பிய வாளை வெட்டி, இங்கே செய்த பிடியில் ஆணி அடித்து முறுக்கியிருக்கிறார்கள். அதாவது, கிடைத்த இரும்பை வைத்துச் செய்வது அன்றைக்கே இருந்த வழக்கம். "லாரி பட்டையில் செய்தால் டூப்ளிகேட்தானே?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இன்னொரு கூட்டம், உட்ஸ் எஃகு இல்லாவிட்டால் ஒரிஜினல் இல்லை என்று சொல்லும். இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியை மண் மூசையில் போட்டு, மேலே எருக்கிலை வைத்து மூடி உருக்குகிற அந்த வித்தை ஒரு காலத்தில் சேலம், திருச்சிப் பக்கம் நடந்ததுதான். அதைக் கொல்லைப்புறத்தில் முயற்சி செய்தால் பெரும்பாலும் மூசைதான் உடையும். காயலான் கடையில் கிடைக்கிற லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. தென் மாவட்டங்களில் அரிவாள் அடிக்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரத்துக்கு வளையும். அலகை வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு, காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வைக்கோல் நிறம் வந்ததும் எடுக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பிடிக்கு உடைந்த பித்தளைப் பாத்திரம் போதும். கட்டாரி வேண்டாம், மரப்பிடி போட்ட குறுவாள்தான் வேண்டும் என்றால், இடித்த பழைய வீட்டுத் தேக்கு உத்தரத்தில் ஒரு துண்டு கிடைக்காதா? காம்பை அரக்கும் செங்கல் பொடியும் வைத்து இறுக்கலாம். அதுவும் பழைய முறைதான்.

மாடல் வேண்டுமா? ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்குப் போனால் போதும். பாயும் குதிரைகளுக்குக் கீழே புலியோடு மோதுகிற வீரர்களின் கையில் ஈட்டியும் குறுவாளும் கல்லிலேயே இருக்கின்றன. பென்சிலும் நோட்டும் கொண்டுபோனால் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லையென்றால் ஆயுதச் சட்டக் கணக்கில் வந்துவிடும். கட்டாரிக்கு அகலம்தான் வில்லங்கம். சின்னதாகச் செய்து, கூர் தீட்டாமல், வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது உத்தமம். பஸ்ஸில் எடுத்துப்போய் நண்பர்களுக்குக் காட்டும் ஆசை வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் பேரம் பேசும்போது அரிவாள் விலையைச் சொல்லாதீர்கள். அரிவாளை அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். கட்டாரி அவருக்கும் புதுசு, ஒன்றிரண்டு அலகு வீணாகத்தான் செய்யும். அந்தக் காசையும் சேர்த்துக் கொடுக்க மனசு இருந்தால் மட்டும் போங்கள்.