இயந்திரத்தில் எழுந்த இராகம்

நம் இல்லத்து இளைஞர் கணிப்பொறியின் முன்னமர்ந்து நடன இசை அமைத்தால், "இதுவும் ஓர் இசையா?" என்று நாம் முகஞ்சுளிக்கின்றோம். சுளிக்குமுன் சரண்ஜித் சிங் என்பாரை நினைத்துக்கொள்வோமாக.

பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த இக்கலைஞர், 1982இல் ரோலண்டு நிறுவனத்தாரின் மின்னிசைக் கருவிகள் மூன்றினைக் கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து இசைத்தட்டாக்கினார். நம் மோகனத்தை ஒத்த பூபாலியும், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸும் அவற்றுள் அடங்கும். இசைத்தட்டு விலைபோகவில்லை.

1987இல் சிகாகோ இளைஞர் சிலர், அவர் கையாண்ட அதே டிபி-303 கருவியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசைக்கு வித்திட்டனர். 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்புற்றபோது, இதனை ஒத்த இசையை ஐந்தாண்டு முன்னரே ஒருவர் தனித்து அமைத்திருந்தமை கண்டு இசையுலகம் வியந்தது. எழுபதைக் கடந்த வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அவ்விராகங்களை வாசித்தார், 2015இல் மறைந்தார்.

அவரைத் தேடிப் புகழ் வந்துசேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளையும் அத்துணைக் காலம் காக்கவைத்தல் தகுமோ? இன்று மாலை கதவருகே நின்றேனும் ஒருமுறை செவிகொடுப்போம்.